புகை அடங்கிய கரி

ஹஜ்ஜுப் பெருநாள் மாலை. இறைச்சி சுடுவதற்காக, முற்றத்தில் உயரமான தகரக் குழாயில் கரியை நிரப்பி, அடியில் கடதாசி வைத்துப் பற்றவைத்தேன். புகை அடங்கிக் கரி வெளுத்து வந்தபோது திடீர் மழை. புகைதான் இல்லையே என்று, தணலை இரும்படுப்பில் கொட்டி, அதை வீட்டு ஹோலுக்குள் தூக்கிவந்து கதவு ஜன்னலெல்லாம் சாத்தினேன்.

"உங்கட இறைச்சி வேகுறத்துக்குள்ள மகள் நித்திரையாகிட்டா" என்று மனைவி சிரித்தாள். கொஞ்ச நேரத்தில், "இஞ்ச பாருங்க, தலை சுத்துது" என்றாள்.

மகளை உலுக்கினேன். தலை தொய்ந்து என் தோளில் விழுந்தது. எனக்கும் கால்கள் நிற்கவில்லை. கதவைத் தள்ளி, இருவரையும் மழைக்குள் இழுத்துப்போட்டேன். வெகுநேரம் கழித்தே மகள், "வாப்பா, குளிருது" என்றாள்.

எரியும் கரியிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். புகையைக் கண்டால் ஓடவேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். புகையே இல்லாத நெருப்பை அவள் பக்கத்தில் தூக்கிவந்து வைத்தவனும் நான்தான்.