குதிகாலுக்குப் பின்னால் இரும்பு

மாடியிலிருந்து தரையை மூன்று முறை தட்டினால் நான் லேத்தை நிறுத்த வேண்டும். ஃப்ளோரா குடிவந்த முதல் வாரமே போட்ட சட்டம் இது. தண்டையார்பேட்டையில் இருபத்தாறு வருடமாகப் பட்டறை நடத்துகிறவன் நான், பரசுராமன். எனக்கே சட்டமா என்று சண்டைக்குப் போனேன்.

"உன் மெஷினு நாள் பூரா கத்துது. நான் மூணு நிமிசம் கத்துறேன். பொறுத்துக்க மாட்டியா அண்ணாத்தே?" என்றாள்.

நியாயம்தானே? நிறுத்த ஆரம்பித்தேன்.

கத்துவதுதான் அவள் பிழைப்பு. எங்கள் தெருவில் பழைய இரும்பு, பேப்பர் வாங்க வரும் வண்டியின் குரல் அவளுடையது. கல் உப்பு வண்டியிலும் அவள்தான். மாடி அறைச் சுவர்களில் பழைய மெத்தைகளை அடித்து, ஒரு மைக்கும் கம்ப்யூட்டரும் வைத்துப் பதிவு செய்கிறாள். ராயபுரம் கோயில் பாட்டுக் குழுவும் கானாக்காரர்களும் அங்கே வருவார்கள். பழைய கட்டடம், மாடித் தரை மரப்பலகை. அவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்பது கீழே எனக்குத் தெரிந்துவிடும்.

இருபது வருடமாகச் சினிமாவுக்கு டிராக்கும் பாடுகிறாள். பெரிய பாடகி வருவதற்கு முன், பாட்டு எப்படி இருக்கும் என்று காட்ட இன்னொருத்தி பாடிவைப்பதுதான் டிராக். பெரியவர் பாடி முடித்ததும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். தொண்ணூறு பாட்டு பாடியிருக்கிறாள், ஒன்றில்கூட அவள் குரல் இல்லை. ஏன் என்று கேட்டால், "முரட்டுக் குரல்மா, மைக் தாங்காது" என்பார்கள். குரல் உச்சிக்கு ஏறும்போதெல்லாம், "ஓரடி பின்னால போம்மா" என்பார்கள். இவளும் போவாள். எனக்கு இதைக் கேட்கும்போதே பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் மைக்கோடு இணைக்க ஒரு கம்ப்ரஸர் செய்தாள். எனக்குத் தெரிந்த கம்ப்ரஸர் டயருக்குக் காற்றடிப்பது. இது வேறு ஜாதி. பாகங்களைத் தபாலில் வரவழைத்து, ஆறு வாரம் உட்கார்ந்து அவளே பற்றவைத்தாள். இரும்புப் பெட்டிக்கு ஓட்டை போட்டுக் கொடுத்தது நான். உள்ளே நான்கு கண்ணாடி வால்வுகள், அந்தக் கால ரேடியோவில் இருப்பதுபோல. புதிதாகச் செய்த பழைய மாதிரி. சுவிட்சைப் போட்டால் சூடேறவே அரை மணி நேரம். முன்பக்கம் ஒரு முள். குரல் ஓங்கினால் முள் இடப்பக்கம் சாயும். அவ்வளவு தூரம் குரலை அது கையில் ஏந்திக்கொள்கிறது என்று அர்த்தம். நசுக்காது, உடையவும் விடாது.

"உன்ன அடக்குறதுக்கு நீயே மெஷினு செஞ்சியா? பிராங்கிளின் குடுத்துவச்சவன்" என்று கிண்டல் செய்தேன். பிராங்கிளின் அவள் கணவன், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான்.

"அடக்குனது அவனுங்க அண்ணாத்தே. பின்னால போ, பின்னால போன்னானுங்க. இது கிட்ட நிக்க வச்சி கேக்குது" என்றாள்.

துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் லாரிகள் வரிசையில் நிற்கும். ஒருமுறை பிராங்கிளின் மூன்று நாள் நின்றான். அந்த ஆத்திரத்தில் அவளே ஒரு பாட்டுக் கட்டினாள்:

லாரி நிக்குது, மூணு நாளா நிக்குது,
வூட்ல சோறு ஆறிகினு கீது,
எவன்டா முன்னால? நவுரு!

அதை யாரோ போனில் எடுத்து அனுப்ப, ஒரு சினிமா இசையமைப்பாளரின் உதவியாளர் செங்குட்டுவன் ஒரு நாள் காலையிலேயே வந்து பட்டறை வாசலில் அவளைப் பிடித்தார்.

"பாட்டு படத்துல வருதுக்கா, எழுதினது நீங்கன்னு பேரும் போடுவோம். குரல் மட்டும் வேற. பாடுறவங்க நாலு மணிக்கு ஸ்டுடியோ வர்றாங்க. நீங்க ஒரு டிராக் பாடிக் குடுங்க."

சொந்தப் பாட்டுக்கே டிராக்! ஃப்ளோராவின் முகம் கறுத்தது. "மொதல்ல பாடுறேன், அப்பால பேசிக்கலாம்" என்றாள்.

லேத்தை நிறுத்திவிட்டு நானும் மேலே போய் நின்றேன். பாடினாள். 'நவுரு' வந்ததும் பலகை கிறீச்சிட்டது. கால் தானாக ஓரடி பின்னால் போயிருந்தது. குரல் எட்டாமல் கம்ப்ரஸர் முள் அசையவில்லை. மறுபடி பாடினாள். மறுபடியும் கிறீச். மூன்றாவது முறையும் அதே கதை.

"ஓகேக்கா. டிராக்குக்கு இது போதும்" என்றார் செங்குட்டுவன்.

'போதும்' என்ற சொல்தான் அவளைச் சுட்டது. குனிந்து தன் பாதத்தை முறைத்தாள். "இது எவன் வூட்டுக் காலு? ஊரையே நவுர சொல்லிகினு நான் நவுர்றேன்!" என்றவள் என்னைப் பார்த்தாள். "அண்ணாத்தே, கீழ கனமா எதுனா இரும்பு கீதா?"

பல் உடைந்து பட்டறைக்கு வந்திருந்த லாரி கியர் சக்கரம் ஒன்றைத் தூக்கி வந்தேன். பதினான்கு கிலோ. அவள் குதிகாலுக்குப் பின்னால் வைத்தேன்.

பாடினாள். உச்சி வந்தது. குதிகால் இரும்பில் இடித்தது. நின்றாள். முள் இடப்பக்கம் சாய்ந்து, நடுங்கி, மெல்லத் திரும்பி வந்தது. பிறகு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். குரல் உடையவில்லை. கத்தி முடித்து அவள் இழுத்த மூச்சுகூடக் காதோரம் கேட்டது.

"இந்த ஃபீல் அப்படியே வேணும்க்கா. அவங்களுக்குப் போட்டுக் காட்டினா பிடிச்சுக்குவாங்க" என்றார் செங்குட்டுவன்.

"தர மாட்டேன்."

"அக்கா?"

"என் குரலோட போனா போவட்டும். இல்லாங்காட்டி பாட்டும் கெடையாது."

"யோசிங்கக்கா. இனிமே யாருமே டிராக்குக்குக் கூப்பிட மாட்டாங்க."

"கூப்புடாத. தொண்ணூறு தபா அழிச்சீங்க, போதும்."

அவர் வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்து, லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப்போனார்.

அவர் சொன்னது பலித்தது. அதற்குப் பிறகு ஒருவரும் அவளை டிராக்குக்குக் கூப்பிடவில்லை. அன்று அவள் அழுதாள், அதை நான் மறைக்கப்போவதில்லை. அழுதுகொண்டேதான் அந்தப் பாட்டைத் தன் பெயர் போட்டு நெட்டில் ஏற்றினாள். அடுத்த வாரம் லாரி டிரைவர் ஒருவர் அதை எனக்கே அனுப்பி, யார் பாடியது தெரியுமா என்று கேட்டிருந்தார். 'எங்க மாடி ஃப்ளோரா' என்று பதில் போட்டேன்.

கியர் சக்கரத்தின் சொந்தக்காரர் வந்து நின்றதும் அதை எடுக்க மேலே போனேன். அது மூலையில் கிடந்தது.

"காலு மறுபடி பின்னால போயிட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"எடுத்துகினு போ அண்ணாத்தே. காலு கத்துகினுச்சு."

சக்கரத்தோடு கீழே வந்தேன். மேலே மூன்று தட்டு. லேத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றேன். அவள் குரல் ஏறியது, உச்சியைத் தொட்டது. பலகை கிறீச்சிடவில்லை.