முளைக்கட்டைக்குத் தேங்காய் உடைத்தோம்

அன்றைக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே சரிவில் நின்றவர்கள்: அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, தோட்டத் தலைவர், கொழும்பு அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த மூன்று பேர், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தம்பி, அப்புறம் நான். ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த டிரைவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. சேர்த்துவிடுகிறேன். ஒரு ஆளை விட்டுவிட்டோமோ என்ற நினைப்பு வந்துவிட்டால் அப்புறம் எனக்குச் சோறு இறங்காது.

பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். வந்தவர்கள் மூன்று கால் வைத்த கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே அப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும், கையைக் காட்டுவதும், காட்டிய இடத்தில் தலையில் சிவப்பு அடித்த முளைக்கட்டையை இறக்குவதுமாக மத்தியானம் வரை போனது. பிறகு பெரியவர் போல இருந்தவர் அரைகுறைத் தமிழில் அப்பாவிடம் கேட்டார். எத்தனை குடும்பம், ஒரு காம்பரா அறையில் எத்தனை பேர், சின்னப் பிள்ளைகள் எத்தனை, வயசானவர்கள் எத்தனை. என்னைப் பார்த்து, “நீ எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கிறது?” என்றார். மலைப்பக்கத்துச் சுவரைக் காட்டினேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாரே தவிர, ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் ஆட்களின் பழக்கம் அது. கந்தோர்க்காரனிடம் எதையாவது கேட்டுவைத்தால் வருகிறதும் திரும்பிப் போய்விடும் என்று ஒரு பயம். “எதுக்கு மாத்தயா இந்தக் கட்டை?” என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை அத்தனை பெரியவர்களில் ஒருவரும் கேட்கவில்லை என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஜீப் திரும்பியதும் தலைவர் தீர்ப்புச் சொன்னார். “காணிதான். வேற எதுக்குய்யா தலை எண்ணுறான்? ஏழு பேர்ச்சஸ். எழுதி வெச்சுக்க.”

ஏழு பேர்ச்சஸ் என்றால் ஒரு வீடும் கொஞ்சம் மரக்கறித் தோட்டமும் போடுகிற அளவு நிலம். ஒவ்வொரு தேர்தலுக்கும் மேடையில் அதைக் கொடுப்பார்கள். மேடையைப் பிரிக்கும்போது அதையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இந்தத் தடவை கட்டையே அடித்துவிட்டார்கள் அல்லவா, எப்படி நம்பாமல் இருப்பது?

அந்த வெள்ளிக்கிழமை பொம்பளைகள் எல்லாக் கட்டைகளையும் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார்கள். வீட்டுக்கு முளை அடித்தால் செய்கிற பூசைதானே. தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். பூசை முடிந்த கையோடு சண்டையும் தொடங்கியது. தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்துக் கட்டையின் மேல் அம்மாவுக்கும் கண், சித்திக்கும் கண்.

“அக்கா வீட்டுக்காரரு தலைவருக்குப் போத்தல் வாங்கிக் குடுத்தாரு. அப்பறம் பீலிக்கட்டை யாருக்கு வரும்?” என்றாள் சித்தி.

“அப்ப அதப் புடுங்கிட்டுப் போய் ஒன் தலமாட்டுல வெச்சுக்க” என்றாள் அம்மா. 

இரண்டு வாரம் இருவருக்கும் பேச்சு இல்லை. கொழுந்து எடுக்கிற மலையிலும் வேறு வேறு நிரை பிடித்தார்கள். அம்மாவுக்கு அந்த வீட்டில் வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. குளிக்க ஒரு மறைப்பு, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற ஒரு அறை.

வீடு கட்டுகிற சாமான் கையில் வைத்திருக்கிறவனுக்குத்தான் முதல் துண்டு காணி என்று தலைவர் எங்கிருந்தோ கேட்டு வந்து சொன்னார். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பதுளை பஜாருக்குப் போனார். இரும்புக்கடை முதலாளி பெரிய தாடிக்காரர், நல்ல மனிதர்.

“காணி கைக்கு வந்துட்டா?” என்று கேட்டார்.

“கட்டை அடிச்சாச்சு முதலாளி.”

“கட்டை அடிச்சா வீடு மொளச்சிருமா? காணி உறுதிப் பத்திரம் எங்க?”

“அது பின்னால வரும். தலைவர் சொல்லிட்டாரு.”

முதலாளி சிரித்துவிட்டு, எனக்கு ஒரு டொபி கொடுத்தார். கூரைத் தகரமும் சீமெந்து மூட்டைகளும் கடனுக்கு லொறி ஏறின.

தகரத்தை லயத்து வாசல் சுவரில் சாய்த்து வைத்தோம். சீமெந்து மூட்டைகள் காம்பராவுக்குள் எங்களோடு படுத்தன. எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் போட்ட துணி காயாது, உப்பு கரைந்து வழியும். சீமெந்து எத்தனை நாள் தாங்கும்? பழைய சேலையெல்லாம் போட்டு மூடினோம். தினமும் நான் மூட்டையை விரலால் அமுக்கிப் பார்ப்பேன். ஒருநாள் விரல் இறங்கவில்லை. அப்பாவிடம் சொல்லப் பயந்துகொண்டு சும்மா இருந்தேன். அவருக்கு முந்தியே தெரிந்திருந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னொரு ஜீப் வந்தது. இந்தத் தடவை தமிழ் பேசுகிற ஒரு இளைஞர். கூட வந்தவர்கள் பீலிக்குப் பக்கத்தில் ஒரு பலகையை நட்டார்கள். மண்சரிவு அபாய இடம் என்று எழுதியிருந்தது. முளைக்கட்டைகள் அந்த இடத்துக்கு எல்லையாம், கட்டைக்குக் கீழே ஒன்றும் கட்டக்கூடாது. மண்ணைக் கொத்தி லீக்ஸும் போடக்கூடாது. லயம் இருக்கிற இடமும் ஆபத்துத்தான், மழை பலத்தால் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார் அந்த இளைஞர்.

“அப்ப நாங்க நெரந்தரமா எங்க போறது சேர்?” என்றார் அப்பா. அவர் கேட்ட முதல் கேள்வி.

“அத தோட்டம்தான் சொல்லணும், ஐயா.”

தோட்டத்தில் கேட்டால், சமதரையெல்லாம் தேயிலை, தேயிலை நிலத்தைக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, அரசாங்கத்தைக் கேளுங்கள் என்றார்கள். அரசாங்கம் ஜீப்பில் ஏறிப் போய்விட்டது.

முளைக்கட்டைகளில் மஞ்சள் இன்னும் போகவில்லை. தலையை எண்ணியது எதற்கு என்று அன்று சித்தப்பாதான் வாய்விட்டுச் சொன்னார். “மண்ணு எறங்கினா எத்தன பேரத் தோண்டணும்னு பார்த்திருக்கான் அண்ணே.” அம்மா அன்றைக்கே என் பாயை வாசல் பக்கம் திருப்பிப் போட்டாள்.

நான் பள்ளிக்கூடத்தை எட்டாம் ஆண்டோடு விட்டவள். புவியியல் டீச்சர் ஒருநாள், மலையும் சரிவும் மழையுமாக இருக்கிற இடத்தில் முன்னேற்றம் வருவது கஷ்டம், நிலம் அப்படி என்று படிப்பித்தார். நானும் அதை அப்படியே எழுதி மார்க் வாங்கினேன். இப்போது அந்த மார்க்கைத் திருப்பிக் கொடுக்கலாம் போல இருக்கிறது. நிலமா எங்களை அந்தப் பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தது? நல்ல சமதரையில் தேயிலையை வைத்தார்கள். அடுத்த நல்ல இடத்தில் துரை பங்களா, தேயிலை ஸ்டோர். தேயிலைகூட வேர் பிடிக்காத ஓடைச்சரிவு ஒன்று மிஞ்சியது, அதில் லயத்தைக் கட்டினார்கள். பிறகு, ஐயோ பாவம், இவர்கள் ஆபத்தான இடத்தில் குடியிருக்கிறார்கள் என்று பலகை நடுகிறார்கள். நாங்களாகவா போய்க் குடியேறினோம்?

அடுத்த வருசம் எங்கள் தலைக்கு நேர் மேலே, அதே மலையின் முதுகில், ஒரு ஹோட்டல் எழும்பத் தொடங்கியது. எல்ல ஊர்ப் பக்கத்து மலையிடுக்கு அங்கிருந்து நன்றாகத் தெரியுமாம். அந்தக் காட்சிக்கு வெள்ளைக்காரர்கள் காசு கொடுப்பார்களாம். மண் வெட்டுகிற மிசின் வந்து மலையைக் கேக் போல வெட்டியது. எங்கள் லீக்ஸ் பாத்தியால் இளகுகிற மண், மிசினால் இளகாது போலிருக்கிறது. தலைவர் போய்க் கேட்டதற்கு, எஞ்சினியர் ரிப்போட் இருக்கிறது, சூழலுக்குப் பாதகம் இல்லை, எல்லா அனுமதியும் எடுத்தாயிற்று என்றார்களாம். அவர்கள் கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கியது எங்கள் ஓடையில்தான்.

ஹோட்டல் கொந்தராத்துக்காரர் கீழே வந்தபோது எங்கள் வாசலில் தகரத்தைப் பார்த்தார். வேலையாட்கள் தங்கக் கொட்டில் போட வேண்டுமாம். அரை விலை சொன்னார். இரும்புக்கடை முதலாளியின் ஆள் அதற்குள் இரண்டு தடவை கடனைக் கேட்டு வந்து போயிருந்தான். அப்பா தகரத்தைக் கொடுத்தார். மிச்சக் கடனுக்காக, பெரட்டில் பெயர் கொடுத்துத் தோட்ட வேலைக்குப் போகாத நாட்களில் ஹோட்டல் வேலைக்கே கூலிக்கும் போனார். எங்கள் காம்பராவுக்கு மேலே இருந்த மலையை அப்பா கடப்பாரையால் வெட்டினார். அப்போது எனக்கு அது ஒரு விசேசம் மாதிரி இருந்தது.

லீவு நாட்களில் நான்தான் அவருக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுபோவேன். ஒருநாள் நான் போய்ச் சேர்ந்ததும் மழை கொட்டியது. கொட்டிலுக்குள் ஓடினோம். தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில், பக்கத்தில் பேசுகிறது கேட்கவில்லை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. லயத்தில் மழை என்றால் சட்டியும் வாளியும் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்போம். இங்கே கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

“அப்பா, நம்ம தகரம் எவ்வளவு நல்லா இருக்கு பாத்தீங்களா” என்று அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன்.

அப்பா ரொட்டியைப் பிய்த்தபடி, வாசலுக்கு வெளியே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிப் போட்ட மண் சிவப்புத் தண்ணீராகி லயத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பாதி ரொட்டியை என் கையில் வைத்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். அந்தத் தண்ணீரை வேறு பக்கம் திருப்ப முடியுமா என்று தனி ஆளாக மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். மேற்பார்வைக்காரன் ஏதோ சத்தம் போட்டான். வேலை இல்லாத நேரத்திலும் அப்பா இப்படி உழைக்கிறாரே, கூடுதல் கூலி கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு மிச்ச ரொட்டியைத் தின்று முடித்தேன்.

அன்றைக்கு அவருக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டினார்கள். ஹோட்டல் திறந்து ஓடுகிறது. லயமும் அங்கேயே இருக்கிறது, அதில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். நான் பண்டாரவளையில் கடையொன்றில் நிற்கிறேன், வானம் கறுத்தால் போன் எடுத்து, “பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டீங்களா?” என்று கேட்டபடியே இருப்பேன். தாடிக்கார முதலாளி மௌத்தாகிவிட்டார். அவருடைய மகன் கேட்பதில்லை, அப்பாதான் விடுவதாக இல்லை. சம்பளம் எடுத்தால் பஜாருக்குப் போய் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துவிட்டு வருகிறார். நாங்கள் ஒரு நாளும் குடியிருக்காத அந்த வீட்டுக்கு இன்னும் கொடுக்க வேண்டியது பதினோராயிரத்து அறுநூறு ரூபாய்.