மிதிக்காமல் இருந்த முப்பத்தொரு நாள்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் எவருமில்லை. எல்லோருக்கும் அவர் ரசமட்டம். தரைக்கல் பதிப்பவர்கள் தளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வைக்கும் குமிழிக் கட்டைக்கு அதுதான் பெயர். அதில் சிறிய அளவிலான ஒன்றை நாற்பத்தோராண்டுகள் சட்டைப்பையில் சுமந்தவர் அவர். போகிற இடங்களிலெல்லாம் மேசை மீதும் ஜன்னல் விளிம்பின் மீதும் அதை வைத்துப் பார்ப்பார். ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலிக் கைப்பிடி மீதும் வைத்துப் பார்த்து, "லேசா இடப்பக்கம் இறங்குது டாக்டர்" என்று வாயில் பஞ்சோடு சொன்னவர்.

"ஊருக்கெல்லாம் மட்டம் பாக்குற, உன் நடைக்கு எவன்டா மட்டம் பாக்குறது? வாத்து மாதிரி ஆடி ஆடி வர்ற" என்பார் அவருடைய அக்கா.

அக்கா எதிர்க்கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பதாண்டுகள் இணைப்புக் கொடுத்தவர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் வேறு நாட்டில். இதயம் பலவீனமான பிறகு, ஆறு ஆண்டுகளாக அவர் கீழே இறங்கவே இல்லை. பார்வையும் மங்கி, வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சியிருந்தன. பகலில் உதவிக்கு ஒரு பெண் வந்து போவாள். மாலை ஆறு மணிக்குத் தம்பி நாற்பத்திரண்டு படிகள் ஏறிச் சென்று, வாசலில் செருப்பை விட்டு, அவருக்கு நாளிதழ் படித்துக் காட்டுவார். முதலில் இரங்கல் விளம்பரங்கள். அக்காவின் கட்டளை அது.

"என் பேரு வந்திருக்கா பாரு."

"இன்னைக்கு இல்லக்கா."

"அப்ப சரி, அடுத்த பக்கம் போ."

ஐந்து வயதில் தாயை இழந்த தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அவர். அதை இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. அந்த நாற்பத்திரண்டு படிகள்தான் தம்பியின் பதிலாக இருந்தன.

அறுபத்து நான்காம் வயதில் ரசமட்டத்தின் முழங்கால்கள் மக்கர் செய்யத் தொடங்கின. வாழ்நாளின் பெரும்பகுதியை மண்டியிட்டே கழித்த மனிதருக்கு அது வியப்பாக இல்லை. வேலையை விட்டார். ஆனால் படிகளை விட முடியவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். மேலே போனதும், லிஃப்டில் வந்தவரைப் போல முகத்தை வைத்துக்கொள்வார். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது.

அக்காவுக்குக் கண் மங்கியதே தவிரக் காது மங்கவில்லை. "பத்து நிமிஷமா படியிலேயே நிக்கிற. பொய் சொல்லணும்னா மூச்சு வாங்காம சொல்லணும்டா" என்றார் ஒருநாள்.

அந்த வாரத்தில்தான் பழைய கூட்டாளி வந்தார். இருபதாண்டுகள் இவருக்குச் சிமெண்டுக் கலவை குழைத்துக் கொடுத்தவர். இப்போது மூட்டுகளுக்கான சத்துமாவு விற்கிறார். பளபளக்கும் டப்பா ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மூன்று முறை உட்கார்ந்து எழுந்து காட்டினார்.

"பாத்தியா மட்டம்? மூணு மாசத்துக்கு முன்னாடி என்னால கட்டில்ல இருந்து இறங்க முடியல. தெனம் ரெண்டு கரண்டி. தேஞ்ச ஜவ்வுல போயி அப்படியே அடைச்சுக்கும். நாப்பது நாள்ல தெரிஞ்சிரும்."

"விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்?"

"டேய், உனக்கு நான் என்னைக்காவது தண்ணி சேத்த கலவை கொடுத்திருக்கேனா?"

கொடுத்ததில்லை. அதனால் ரசமட்டம் டப்பாவை வாங்கிக்கொண்டார். கூட்டாளி மனமறிந்து பொய் சொல்லவில்லை. அவருக்கு வலி குறைந்தது உண்மைதான். கலவை குழைப்பதை விட்டு ஓராண்டாகிறது என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மனைவி விடாப்பிடியாக எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்த மருத்துவ அம்மையார், டப்பாவின் பின்பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா, இந்த மாதிரி மாவை ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்துப் பாத்திருக்காங்க. சிலர் வலி குறைஞ்சுதுன்னு சொன்னாங்க. சத்து எதுவும் சேக்காத வெறும் மாவு சாப்பிட்டவங்களும் பெரும்பாலும் அதே அளவுக்குச் சொன்னாங்க. தேஞ்ச ஜவ்வு இதால வளரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆசைன்னா சாப்பிடுங்க, உங்களுக்குக் கெடுதல் இருக்காது. ஆனா தொடைச் சதைதான் முட்டியைத் தாங்குது. நாற்காலியில உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணுங்க. நடங்க. படியிலயும் கம்பியைப் பிடிச்சு மெதுவா ஏறுங்க. உட்கார்ந்து மட்டும் போயிடாதீங்க."

ரசமட்டம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீடு திரும்பும் வழியிலேயே அவருடைய மனம் வேறு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

தரைக்கல் வேலையில் ஒரு விதி உண்டு; அதை மீறியவனை அந்தத் தொழிலில் யாரும் மதிப்பதில்லை. கல்லைப் பதித்து, இடுக்கில் வெள்ளைச் சிமெண்டு அடைத்தபின், ஈரம் காயும்வரை அதை மிதிக்கக் கூடாது. மிதித்தால் கல் மேலே அசையாததுபோல் இருக்கும். உள்ளே பிடிப்பு விட்டிருக்கும். பிறகு விரல் முட்டியால் தட்டினால் டொக்கென்று காலிச் சத்தம் கேட்கும். அதனால் வேலை முடிந்ததும் வாசலின் குறுக்கே நூல் கட்டி, அதில் ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டு வருவார்கள். வீட்டுக்காரரே ஆனாலும் நூலைத் தாண்டக் கூடாது. அவசரப்பட்டு மிதித்த முதலாளிகளிடம் வேலையைப் பாதியில் விட்டு வந்தவர் ரசமட்டம்.

முட்டி தேய்ந்திருக்கிறது, இடைவெளி விழுந்திருக்கிறது, மாவு போய் அடைக்கிறது, நாற்பது நாள் ஆகிறது. அப்படியானால் அந்த நாற்பது நாளும் மிதிக்காமல் இருக்க வேண்டும். மருத்துவர் படித்தவர்தான், ஆனால் அவர் தரை போட்டவர் அல்லரே!

மறுநாள் காலை, இரண்டு கரண்டி மாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, கால்களை முக்காலி மேல் நீட்டிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்த குமிழிக் கட்டையை முழங்கால் மேல் வைத்துச் சரிபார்த்தார். அறை வாசலில் மனைவியை நூல் கட்டச் சொன்னார். கழிவறைக்குப் போகும்போது மட்டும் அவிழ்க்க வேண்டும்.

"என்னங்க இது? டாக்டரம்மா நடக்கத்தானே சொன்னாங்க?"

"நடக்கத்தான் சொன்னாங்க. போட்ட உடனே நடக்கச் சொல்லல."

"உங்க காலு என்ன குளியலறைத் தரையா?"

"அதைவிட நல்லாப் போட்ட தரை. அறுபத்து நாலு வருஷம் தாங்கியிருக்கு."

மனைவி நூலைக் கட்டினார். குனிந்து அதன் அடியில் நுழைந்தே காபியும் சாப்பாடும் கொண்டு வந்தார். கணவரின் பிடிவாதத்தோடு முப்பத்தெட்டாண்டுகள் குடும்பம் நடத்தியவருக்கு இந்த நாற்பது நாள் பெரிதாகத் தெரியவில்லை.

அக்காவிடம் தொலைபேசியில்தான் சொன்னார்.

"நாப்பது நாள் பொறுத்துக்கக்கா. அப்புறம் ஓடி வர்றேன் பாரு. உன் வாசல்ல ஆடுதே ஒரு கல்லு, அதையும் எடுத்துப் போட்டுடறேன்."



"முப்பது வருஷம் ஊரையெல்லாம் போன்ல சேத்து வெச்சவடா நான். கடைசியில என் தம்பியும் போன்லதான் வருவானா?"

"உன்னைப் பாக்க வர்றதுக்குத்தானே இவ்வளவும்?"

"வர்றதுக்காக வராம இருக்குறவனை இப்பதான் பாக்குறேன்" என்று சிரித்தார். பின்னர், "சரி, பேப்பரை எடு. என் பேரு வந்திருக்கா?" என்றார்.

அன்றிலிருந்து ஆறு மணிக்குத் தொலைபேசியில் நாளிதழ் வாசிப்பு. வாசித்து முடித்ததும், ரசமட்டம் தம் அறை விளக்கை இருமுறை அணைத்து ஏற்றுவார். மூன்றாம் மாடி ஜன்னலில் அக்கா ஒரு வெள்ளைத் துண்டை அசைப்பார். உருவம் தெரியாத கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தது.

நாட்கள் செல்லச் செல்ல வலி குறைந்தது. ரசமட்டத்துக்கு அது பெரிய சான்றாயிற்று. "பிடிக்குது, பிடிக்குது" என்று மனைவியிடம் சொன்னார். உட்கார்ந்தே இருப்பவனுக்கு முட்டி வலி குறையத்தான் செய்யும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கால்சட்டை தொடைப் பகுதியில் தொளதொளத்ததை மனைவிதான் முதலில் பார்த்தார்.

"இளைச்சுட்டீங்க."

"வீக்கம் வடிஞ்சிருக்கு."

இருபத்தைந்தாம் நாள், வாசிப்பின் நடுவில் அக்கா கேட்டார்: "ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போயேன்டா. பேப்பர் வேணாம். சும்மா உட்காந்துட்டுப் போ."

அவர் வாழ்நாளில் தம்பியிடம் எதையும் கேட்டவர் அல்லர். ரசமட்டம் காலைப் பார்த்தார். வாசலில் இருந்த நூலைப் பார்த்தார்.

"இன்னும் பதினஞ்சே நாள்க்கா. இப்ப மிதிச்சா போட்டதெல்லாம் வீணாப் போயிரும்."

"சரிடா. காயட்டும்" என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு, உதவிக்கு வரும் பெண் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். உங்களைத்தான் கேக்குறாங்க."

ரசமட்டம் எழுந்தார். நூல் அவர் இடுப்பில் பட்டு அறுந்தது. மனைவியின் தோளைப் பிடித்துத் தெருவைக் கடந்தார். கம்பியைப் பற்றிப் படியேறத் தொடங்கினார். முட்டி வலிக்கவில்லை. அதுதான் அவருக்குப் புரியவில்லை. வலியே இல்லாத கால், ஒவ்வொரு படியிலும் காற்றில் ஆடும் திரைபோல நடுங்கியது. ஏழாவது படியில் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துத் தம்மை இழுத்தார். பதினான்காவது படியில், முதல் மாடி வந்த இடத்தில், தொடை மடங்கிற்று. உட்கார்ந்துவிட்டார். மனைவி அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார், கால் நிற்கவில்லை.

"நீ போ. மேல போய் நான் வந்துட்டேன்னு சொல்லு."

மனைவி மேலே ஓடினார். சற்று நேரத்தில், சீருடை அணிந்த இருவர் தூக்குப்படுக்கையோடு ரசமட்டத்தைத் தாண்டி ஏறிச் சென்றனர். "பெரியவரே, கொஞ்சம் ஓரமா" என்றார் ஒருவர். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஆறு ஆண்டுகளாக இறங்காத அக்கா, அன்று இறங்கி வந்தார்.

முகத்தில் ஆக்சிஜன் முகமூடி கட்டியிருந்தது. பேச இயலவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் படுக்கையைத் திருப்ப முடியாமல் அவர்கள் ஒரு கணம் நின்றபோது, மனைவி குனிந்து, "அண்ணி, இதோ உங்க தம்பி. இங்கதான் இருக்காரு" என்றார். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து காற்றில் தேடியது. ரசமட்டம் தம் முழங்காலை அதற்கு அருகே நகர்த்தினார். அக்காவின் விரல்கள் முழங்காலைத் தொட்டன, கீழே இறங்கின, மேலே ஏறித் தொடையை அழுத்திப் பார்த்தன. அங்கே பிடிக்கச் சதையில்லை. அந்தக் கை அங்கேயே சிறிது நேரம் தங்கி, பின்னர் இரண்டு முறை மெல்லத் தட்டிக் கொடுத்தது. அவர்கள் இறங்கிப் போனார்கள்.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் அக்கா இறந்தார். போகும் வழியில் தப்பிய நினைவு திரும்பவே இல்லை. மகன் கொடுத்த இரங்கல் விளம்பரம் மறுநாள் நாளிதழில் வெளிவந்தது. அந்தப் பக்கத்தை ரசமட்டம் திறக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்த கூட்டாளி, அலமாரியில் டப்பாவைப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார்: "என்ன பண்றது மட்டம்? இன்னும் ஒம்போது நாள் போயிருந்தா ஏறியிருப்ப." மனைவி எழுந்து டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தார். "நீங்களே அந்த ஒம்போது நாளையும் சாப்பிட்டுக்கங்க அண்ணே" என்றார். 

ரசமட்டம் அதே மருத்துவரிடம் மறுபடி போனார். இம்முறை சக்கர நாற்காலியில். "அந்த மாவுதான் கெடுத்துதா டாக்டர்?" என்று கேட்டார். ஆம் என்ற பதில் கிடைத்திருந்தால் அவருக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

"மாவு ஒண்ணும் பண்ணலங்க ஐயா. நல்லதும் பண்ணல, கெட்டதும் பண்ணல. உட்கார்ந்திருந்ததுதான்..." என்று தொடங்கிய மருத்துவர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "காலை நீட்டுங்க. பத்து எண்ணுங்க" என்றார்.

எண்ணினார். நாள்தோறும் காலையும் மாலையும் நாற்காலியில் அமர்ந்து, காலை நீட்டிப் பத்துவரை எண்ணினார். ஒரு மாதத்தில் தெருமுனைவரை நடந்தார். மூன்றாம் மாதம் எதிர்க்கட்டிடத்தின் பதினான்கு படிகள். முட்டி வலித்தது, ஆனால் தொடை நின்றது. வலியோடு ஏற முடியும் என்பதை அவர் இப்போது அறிந்தார். அக்கா இருந்தபோதும் அவர் வலியோடுதான் ஏறிக்கொண்டிருந்தார்.

நான்காம் மாதம் ஒரு மாலை, ஆறு மணிக்கு, நாற்பத்திரண்டு படிகளையும் ஏறி முடித்தார். அக்கா இருந்த வீட்டின் கதவு திறந்தே இருந்தது. புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாரு வேணும் ஐயா?"

 அவர் வாசலைக் காட்டினார். "இந்தத் தரையைப் போட்டவன்மா நான். இங்க ஒரு கல்லு ஆடும்."

"ஆமாங்க! கால் வெச்சாலே சத்தம் வருது. சரி பண்ண ஆள் தேடிட்டிருந்தோம்."

கைத்தடியின் நுனியால் அந்தக் கல்லைத் தட்டினார். டொக்கென்றது.

"நாளைக்கு ஆள் கூட்டிட்டு வந்து எடுத்துப் போட்டுத் தர்றேன். ஆனா போட்டதுக்கப்புறம்..."

"போட்டதுக்கப்புறம் என்ன ஐயா?"

நாற்பத்தோராண்டுகள் எல்லா வீட்டு வாசல்களிலும் சொல்லிவந்த அந்த ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார், கீழ்ப்படியில் ஒரு காலை வைத்தார், பிறகு மற்றதை.