தண்ணீர் விழும் சத்தம் கேட்டால்தான்

வேலையைவிட்டுத் துரத்திவிட்டார்களாம் அவளை! தெருமுனைத் தையற்காரி அளக்கிறாள், மாடிவீட்டுக்காரி தலையாட்டுகிறாள். "பத்துப் பேர்ல அவதான் கடைசியாம்க்கா, வேலையே ஓடாதாம்." கடைசிதான், யார் இல்லையென்றது? ஏன் கடைசி என்று ஒரு வாயாவது கேட்டதா?

குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் எடுக்கிற வேலை அவளுக்கு. தண்ணீர் வரவில்லை, வந்தால் நாறுகிறது என்று சனங்கள் கூப்பிடுவார்கள். பழுது பார்க்க ஆள் அனுப்ப வேண்டும். அங்கே ஒரு வழக்கம்: ஆள் கிளம்பியதுமே அவரவர் ஊழியர் நம்பரைப் போட்டுக் கணினியில் புகாரை மூடிவிடுவார்கள். குழாயில் தண்ணீர் வந்ததா, காற்று வந்ததா, அது வீட்டுக்காரர் பாடு. யார் எத்தனை மூடினார் என்று சாயங்காலம் சுவரில் பட்டியல் தொங்கும்.

இவள் தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். காலையில் புதுப் புகாரைத் தொடமாட்டாள். நேற்றைய வீடுகளை முதலில் கூப்பிடுவாள். "குழாயைத் திறங்க, சத்தம் எனக்குக் கேக்கட்டும்." வாளியில் தண்ணீர் விழுவது காதில் கேட்டால்தான் மூடுவாள். பக்கத்து நாற்காலிக்காரன் பெயரே வைத்துவிட்டான்: "என்ன வாளியக்கா, இன்னைக்கு எத்தனை நிரம்புச்சு?" சிரித்துவைப்பாள். உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது! "எல்லாரும் மூடுறாங்க, நீ மட்டும் ஏன் தொங்குற? கிரீடமா வைக்கப் போறாங்க?" என்பான் புருஷன்.

"கிரீடம் வேணாம். என் நம்பர் போட்டு மூடினா அது முடிஞ்சிருக்கணும். அவ்வளவுதான்."

ஒரு கைக்குழந்தைக்காரி வீட்டுக் குழாயில் பதினொரு நாளாகச் சாக்கடை நாற்றம். மூன்று முறை ஆள் போய்த் தெருவின் மேற்கு முனையைத் தோண்டிவிட்டு வந்தார்கள். மேற்கு முனை வீடுகளில் நாற்றமே இல்லை, கிழக்கு முனை வீடுகளில்தான் என்று இவள் கூப்பிட்டுக் கேட்டு வைத்திருந்தாள். மேலாளரிடம் ஓடினாள்.

"சார், தோண்டுற இடமே தப்பு."

"ஆள் போனாங்களா இல்லையா? மூடும்மா."

"நாத்தம் போகலையே சார்."

"நாத்தத்துக்கெல்லாம் பட்டியல்ல இடமில்ல."

மறுநாள் காலை உள்ளே நுழைகிறாள், எல்லாரும் கைதட்டுகிறார்கள். சுவரில் அவள் படம். முதலிடமாம்! மேலாளர் பூங்கொத்தை நீட்டுகிறார். கணினியைத் திறந்தாள். அவள் திறந்து வைத்திருந்த பத்தொன்பது புகாரும் அவள் நம்பரிலேயே மூடிக் கிடந்தன.

"யார் மூடினது?"

"நான்தான். நாளைக்கு மேலிடத்துலேர்ந்து பார்க்க வர்றாங்க. உன்னால எல்லாரும் திட்டு வாங்கணுமா? பேரும் உனக்குத்தானே வந்துச்சு!"

"திருப்பித் திறங்க சார்."

"மூடினது மூடினதுதான். போய் வேலையைப் பாரு."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே கைக்குழந்தைக்காரியைக் கூப்பிட்டாள். "உங்க புகார் தீர்ந்துட்டதா இங்க காட்டுதும்மா. தீரலை. நான் மூடவும் இல்லை. புதுசா ஒண்ணு கொடுங்க. கிழக்கு முனையைத் தோண்டணும்னு எழுதச் சொல்லுங்க, விடாதீங்க."

"சரிக்கா. நீங்கதானே எடுப்பீங்க?"

"யார் எடுத்தாலும் விடாதீங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். சுவரிலிருந்த தன் படத்தை உரித்தாள். சுண்ணாம்பும் கூடவே பெயர்ந்து வந்தது. பூங்கொத்தை மேலாளர் மேசையில் போட்டாள்.

"எங்க கிளம்பிட்ட? லைன்ல ஆள் நிக்குது!" என்று அவர் கத்தினார்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.