இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நூலகத்தில் அவருக்கு அட்டை என்று பேர். முப்பத்தோரு வருடமாகப் பட்டியல் அட்டை எழுதுகிறவர் என்பது ஒரு காரணம். உட்கார்ந்த நாற்காலியை விட்டுக் கழலவே மாட்டார் என்பது இன்னொன்று. காதில் விழுந்தால் அவரும் சிரித்துக்கொள்வார்.

அவர் பொறுப்பில் இருந்தது பின்பக்க அறை. பழங்குடி மக்களின் நில உரிமை வழக்குகள், கணக்கெடுப்புகள், சமூக ஆய்வுகள். வருடத்துக்கு ரெண்டு ஆய்வு மாணவர்கள் எட்டிப் பார்த்தால் அதிகம். மற்ற நாளில் ஈ காக்கைகூட இராது. வீட்டிலும் அதே கதைதான். மனைவி போய் எட்டு வருடம் ஆகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி "சாப்டீங்களாப்பா?" என்பாள், இவர் "ஆச்சும்மா" என்பார், பேச்சு முடிந்தது.

தினமும் மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு ஒரே புத்தகத்தைத்தான் எடுப்பார். அணைக்காக வெளியேற்றப்பட்ட மலைக்குடிகளைப் பற்றிய பழைய ஆய்வறிக்கை. அதில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு புகைப்படம். கீழே, 'மலைக்குடிப் பெண், கைக்குழந்தையுடன்' என்று மட்டும் போட்டிருக்கும். அந்தப் பெண்ணின் இடது காது மடல் கிழிந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அந்தக் காதை அவர் கண்டுகொண்டார். அவருடைய அம்மா. இடுப்பில் இருக்கிற குழந்தை அவர். அம்மாவுக்கு வேறு படம் கிடையாது. பத்து வயதில் அம்மா போனதும் விடுதியில் சேர்ந்தவர், கேலிக்குப் பயந்து ஊரை மாற்றிச் சொன்னார். விண்ணப்பத்தில் அம்மா பெயரையும் மாற்றி எழுதினார். அப்புறம் அந்தப் பொய்யே பழகிவிட்டது. கட்டின மனைவியிடம்கூட மூச்சு விட்டதில்லை.

ஓய்வு பெற மூன்று நாள் இருந்தபோது தலைமை நூலகர் ஒரு பட்டியலோடு வந்தார். வயதில் சின்னவர், நல்ல பெண்.

"ஐயா, பத்து வருஷமா யாரும் இரவல் வாங்காத புத்தகத்தையெல்லாம் கழிச்சுடச் சொல்லிட்டாங்க. உங்க ரூம்ல நாப்பது வருது. நாளைக்கு வண்டி வரும்."

அந்த அறிக்கை பதினேழாவது. பெயரெழுதி வாங்கினால் ஏன் என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்களோ என்று அவர் அதை ஒருநாளும் இரவல் வாங்கியதில்லை. பாழாய்ப்போன பயம். இரவல் சீட்டு வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகலாம்தான். பென்சிலில் கோடு போட்டவனையே உண்டு இல்லை என்று ஆக்கியவருக்கு அதற்குக் கை வரவில்லை.

"இது வேணாம்மா. இதை ஒருத்தர் தினமும் படிக்கிறாரு."

"சீட்டுல ஒரு பேரும் இல்லையே. யாருங்கய்யா?"

அவர் பக்கத்தைத் திறந்து வைத்தார். "இது எங்கம்மா. இடுப்புல இருக்கிறது நான்." இத்தனை வருடம் மறைத்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

நூலகர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பதினேழாவது வரியை அடித்துவிட்டு, மேஜையிலிருந்து புதுப் பட்டியல் அட்டை ஒன்றை எடுத்தார்.

"அப்ப அம்மா பேரையும் பட்டியல்ல ஏத்திடலாம். சொல்லுங்கய்யா."

சொன்னார். மலைப் பாஷைப் பெயர். நூலகரின் பேனா நின்றது. "எப்படி எழுதணும்?"

ஆயிரக்கணக்கான பெயர்களை எழுத்துப் பிசகாமல் எழுதிய மனிதர்தான். அம்மா பெயரை அவர் எழுதியதே இல்லை. யாரும் எழுதி அவர் பார்த்ததும் இல்லை.

"தெரியலம்மா" என்றார். "காதுல விழற மாதிரி எழுதுங்க."

இன்னொரு தடவை சொன்னார், முன் அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.