மூன்றாம் கொட்டகை

கல்லூரிக் கட்டடங்களின் வரலாற்றை ஆண்டு விழா மலருக்காக எழுதித் தரும்படி பழைய மாணவிகள் சங்கத்தில் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். எந்தச் சுவர் எப்போது எழும்பியது, எந்தக் கூரை எப்போது மாறியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மூன்றாம் கொட்டகைக்கு மட்டும் ‘பின்னர் இடிக்கப்பட்டது’ என்று ஒரே வரி. அந்த வரியில் நான் விட்டதை இங்கே எழுதுகிறேன். என்னை நல்லவள் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு சீன ரப்பர் வியாபாரி ஆசையாகக் கட்டிய பங்களாதான் கல்லூரியின் முதல் கட்டடம். ஜப்பான்காரன் வந்ததும் அவர் ஓடிப்போனார். பங்களாவில் ஜப்பானிய அதிகாரிகள் தங்கினார்கள், தோட்டத்தில் சிப்பாய்களுக்காக ஓலை வேய்ந்த மூன்று நீளமான அத்தாப்புக் கொட்டகைகளைப் போட்டார்கள். அவர்கள் போனதும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்தார்கள். அவர்களும் போன பிறகு, ஆசிரியைப் பயிற்சிக்கு வந்த பெண்களாகிய எங்களுக்கு அதே கொட்டகைகள் விடுதியாயின. பங்களாவில் வகுப்பும் வார்டனும், கொட்டகைகளில் நாங்கள். சிப்பாய்கள் படுத்த இரும்புக் கட்டில்களில்தான் நாங்களும் படுத்தோம். மழை பெய்தால் கட்டிலை நகர்த்துவோம், வாளி வைப்போம், பூரான் அடிப்போம். மூன்றும் மோசம், மூன்றாவது படுமோசம். அதன் முதுகு கல்லூரி வேலியை ஒட்டியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மலாக்கா செட்டிகள் குடியிருந்த கிராமம், கம்பம் என்போம்.

நான் சொல்ல வந்தவள் அந்தக் கம்பத்துப் பெண். எனக்கு ஆறு மாதம் பின்னால் சேர்ந்தவள். பல தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்த தமிழ் வியாபாரிகள் இங்கேயே பெண்ணெடுத்துத் தழைத்த குடும்பங்கள் அவை. நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க்காரிகளின் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். அவள் வீட்டுக் கூரை எங்கள் வேலிக்கு மேலே தெரியும். ஆனாலும் பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது விதி. கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு எங்களோடு கிடந்தாள்.

சாப்பாட்டு அறையில் மலாய்ப் பெண்களுக்கு ஒரு மேசை, சீனப் பெண்களுக்கு ஒரு மேசை, எங்களுக்கு ஒரு மேசை. முதல் நாள் தட்டோடு எங்களிடம் வந்தாள்.

“நம்ம ஆளா லா இவ?” என்றாள் ஒருத்தி.

“சாமி மட்டும் நம்ம சாமி. வாயத் தொறந்தா மலாய்தான்,” என்றாள் இன்னொருத்தி.

காலியாக இருந்த ஒரே நாற்காலியில் நான் என் புத்தகத்தை வைத்தேன். நான் விடுதி மாணவிகளின் தலைவி. நான் வைத்ததை யார் எடுப்பார்கள்? அன்றிலிருந்து அவள் மேசைக் கோடியில் நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போவாள். ஒரு வாரம் கழித்துச் சமையல்காரம்மாள்தான் அவளுக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாள்.

மூன்றாம் கொட்டகையில் அவள் கட்டிலும் என் கட்டிலும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு மழைப் பகலில் இரண்டையும் ஒழுகாத மூலைக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் வகுப்பில் இருந்தார்கள். எனக்குக் காய்ச்சல், அவள் துணைக்கு இருந்தாள். அவள் அம்மா செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லதென்று ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் குடிக்கப் பழகி, கடைசிவரை தினமும் ஒரு கிளாஸ் கேட்ட அம்மா என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள். சான்றிதழ் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினால் கல்யாணம்தான் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டாராம். பெண்டாட்டியை இழந்த ஒரு குமாஸ்தாவைப் பார்த்தும் வைத்திருந்தார்கள். வாத்தியாரம்மா ஆகிவிட்டால் தப்பித்தேன் என்றாள்.

காய்ச்சலோ என்னவோ, நானும் வாயை விட்டேன். என் அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி என்று விடுதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டும் கூலி. செத்துப்போன பெரியப்பாவுக்கு வருஷா வருஷம் கோழிக்கறியும் கள்ளும் சுருட்டும் வைத்துப் படைக்கிறோம். அவள் தலையாட்டினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே பிறகு எனக்கு உறுத்தலாகிவிட்டது. என் குடுமி ஒருத்தி கையில் இருக்கிறது என்ற நினைப்பு.

மெர்டேக்கா வந்தது, நாடு சுதந்திரமானது. கொடி ஏற்றினோம், பாட்டுப் பாடினோம். வார்டன் அப்போதும் வெள்ளைக்காரிதான். அந்த வருஷக் கடைசியில் எங்கள் புதுச் செங்கல் விடுதி முடிந்தது. மூங்கில் தொப்பி போட்ட சீனப் பெண்கள் தோள்கம்பில் கூடை கட்டிச் செங்கல் சுமந்து ஏற்றிய இரண்டு மாடி. மேல்மாடியில் மூலை அறைக்கு இரண்டு ஜன்னல், நல்ல காற்று. அதற்கு எல்லோரும் ஆசைப்பட்டோம். பாரபட்சம் கூடாதென்று வார்டன் பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். மூலை அறை அவளுக்கு விழுந்தது. எனக்குக் கீழே, கக்கூசை ஒட்டிய அறை. வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் தேடவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் செட்டி வீடுகளில் செத்தவர்களுக்குப் படைப்பார்கள். பர்ச்சு என்பார்கள். செத்தவருக்குப் பிடித்தது எதுவோ அது இலையில் இருந்தாக வேண்டும். அம்மாவுக்கு அது முதல் பர்ச்சு. மாலையில் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்று என்னிடம் வந்தாள். அனுமதி எதுவானாலும் தலைவி மூலமாகத்தான் கேட்க வேண்டும்.

“காக், தோலோங்,” என்றாள். அக்கா, உதவி செய்யுங்கள் என்று.

“கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க,” என்று மறுநாள் சொன்னேன். நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வார்டன் விட்டிருப்பார்.

போகி அன்று மாலை விளக்கு வைக்கிற நேரம். நாங்கள் காலி செய்துவிட்டு வந்த மூன்றாம் கொட்டகையின் பலகை இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். அவளுடைய பழைய கட்டில் கிடந்த இடத்தில் வாழையிலை விரித்திருந்தாள். சோறு, வாத்துக்கறி, பலகாரம், வெற்றிலை, ஒரு சின்ன ஸ்டவுட் போத்தல், அகல் விளக்கு. யாரோ வேலிக்கு மேலாக அடுக்குச் சட்டியில் கொடுத்திருக்கிறார்கள். அவள் முட்டிபோட்டுக் கண்ணை மூடியிருந்தாள். பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்திருப்பாள், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நான் நேரே வார்டனிடம் போனேன்.

வார்டன் கெட்டவர் இல்லை. போத்தலையும் விளக்கையும் பார்த்தார், காய்ந்த அத்தாப்புக் கூரையை நிமிர்ந்து பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். நானும் இந்து, நானே தலைவி. அவருக்குக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

“இது உங்கள் மத வழக்கமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “வழக்கம் என்றால் நான் கண்டித்து விட்டுவிடுகிறேன். இல்லையென்றால் விடுதிக்குள் மது. இவள் போக வேண்டியதுதான்.”

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பயமே இல்லை அந்த முகத்தில். நான் ஆமாம் என்று சொல்லுவேன் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தாள்.

“இல்லை. எங்களில் அந்த வழக்கம் இல்லை,” என்றேன்.

அவள் என் பெரியப்பாவின் கள்ளைச் சொல்லியிருக்கலாம். என் அப்பாவின் பால்வாளியையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். குனிந்து விளக்கை விரலால் அணைத்தாள். இலையை மடித்தாள். அம்மாவுக்கு வைத்த சோற்றை அடுக்குச் சட்டியில் திரும்ப அள்ளிப் போட்டாள்.

மறுநாள் பொங்கல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய கேட் வழியாகப் போய், சாலையைச் சுற்றிக்கொண்டு, பின்புறம் இருந்த தன் வீட்டுக்குப் போனாள். மூலை அறை எனக்குக் கிடைத்தது. அந்த வாரமே மூன்றாம் கொட்டகையை இடித்தார்கள். மறைக்க எதுவும் இல்லாமல் போனதால் என் ஜன்னலிலிருந்து அவள் வீட்டு வாசல்வரை தெரிந்தது. அங்கே பந்தல் போட்டதைப் பார்த்தேன். அந்தக் குமாஸ்தாவையும் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

டுரியான் பழக் காலத்தில் செட்டிகள் பழங்களை வைத்து இன்னொரு முறை படைப்பார்கள். அதற்கு மறுநாள் மத்தியானம் சமையல்காரம்மாள் ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எங்கள் மேசையில் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

“வேலிகிட்ட கூப்ட்டு அந்தப் பொண்ணு குடுத்துச்சி. பெரியப்பாவுக்குன்னு சொல்லச் சொன்னுச்சி,” என்றாள்.

பிரித்தேன். நாலைந்து பலகாரம், நடுவில் ஒரு சுருட்டு. என் கூட்டாளிகள் பலகாரத்தை எடுத்துத் தின்றார்கள். நல்லா இருக்கு லா என்றார்கள். சுருட்டை மட்டும் ஒருத்தி தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“பெரியப்பாவுக்கு எதுக்கு லா சுருட்டு? நீங்க இதெல்லாம் வெச்சிக் கும்புடுவீங்களா?”

கேட்டவள் சும்மாதான் கேட்டாள். அந்த மேசையில் யாருக்கும் அந்தப் பதிலால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சுருட்டை அவள் கையிலிருந்து வாங்கி எச்சில் வாளியில் போட்டேன்.

“இல்ல,” என்றேன். “எங்கள்ல அந்த வழக்கம் இல்ல.”