தலை குனியாத பிள்ளை

கொள்ளுப்பேத்திக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தார்கள். தொடையில் இன்னும் ஸ்பிரிட் வாசனை. அது மூக்கில் ஏறினால் எனக்கு அப்பா நினைப்பு வந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அவர் பாலவனத்தத்தில் மிஷன் பள்ளி வாத்தியார். வீட்டில் மாலை ஜெபத்தை நீட்டி முழக்குவார். மழை, பருத்தி விலை, ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மூலவியாதி எல்லாவற்றையும் ஆண்டவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அதுவரை யாரும் தலை நிமிரக் கூடாது.

எனக்கு ஆறு வயதிருக்கும், காய்ச்சலில் பாயில் கிடந்தேன். "படுத்துக்கிட்டாவது தலையக் குனிலே" என்றார். முடியவில்லை. "ஆண்டவருகிட்டயே வீராப்பா?" என்று பிடரியில் கைகொடுத்துத் தலையைத் தூக்கினார். கழுத்து மரக்கட்டையாக விறைத்திருந்தது. முழங்கால் இரண்டும் தானாக மடங்கி மேலே வந்தன. நான் போட்ட கூச்சலில் ஆமென் சொல்லாமலே ஜெபம் முடிந்தது. எங்கள் வீட்டு வரலாற்றில் அப்படி நடந்ததே கிடையாது.

உடனே மாட்டுவண்டி கட்டி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரும் அப்பா செய்த மாதிரியே பிடரியைத் தூக்கிப் பார்த்தார். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார், கழுநீராகக் கலங்கியிருந்தது.

"மூளைக்காய்ச்சல். சல்பா மாத்திரை கேட்டுச்சுன்னா பொழைச்சுக்குவான். ஆனா தண்ணி நிறையக் குடிக்கணும், இல்லேன்னா மருந்தே சிறுநீரகத்துல உப்பாப் படிஞ்சு அடைச்சிரும். ஒண்ணுக்குப் போறானான்னு பாத்துச் சொல்லுங்க."

காய்ச்சல்காரனுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று வளர்ந்தவள் அம்மா. அழுதுகொண்டே ஊற்றினாள். அந்தக் கோடையில் ஊற்றில் சிரட்டையால் மொண்ட தண்ணீரைப் பாளையம்பட்டிச் சொந்தக்காரர்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் ஒண்ணுக்குப் போனதும் அப்பா வார்டு நடுவே எழுந்து நின்று "ஸ்தோத்திரம்" என்பார். பக்கத்துக் கட்டில் ராவுத்தர் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். அதற்குப் பிறகு நான் செய்த எந்தக் காரியத்துக்கும் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

பிழைத்தேன். இடது காது மட்டும் மந்தமாகிப் போனது. நீளமான ஜெபங்களுக்கு அது ஒரு வசதி.

ஆனால் அப்பாவின் ஜெபம் சுருங்கிவிட்டது. கண்ணையும் மூடமாட்டார். என் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பார். என் தலை நரைத்த பிறகும், வேதக்கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாக் குனியுதாலே?" என்று கேட்பார்.

"குனியுதுப்பா."

இப்போது ஓர் ஊசியோடு தீர்ந்தது. எந்தத் தகப்பனும் பிள்ளையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ரொம்ப நல்ல காரியம். நான் தலையைக் குனிந்தால் பார்க்கத்தான் ஆளில்லை.